ஹிட்லர் குண்டு நிறுத்திய குரல்: ஆல் போவ்லி

'தி ஷைனிங்' படத்தோட கடைசி ஷாட் ஞாபகம் இருக்கா? கேமரா மெதுவா ஒரு பழைய குரூப் போட்டோகிட்ட போகும், பின்னாடி ஒரு பாட்டு ஓடும். 1934ல பதிவான அந்தப் பாட்டைப் பாடினவர் ஆல் போவ்லி. (உச்சரிப்புப்படி எழுதினா 'போலி'ன்னு வருது. பாவம், வேண்டாம்.)

மொசாம்பிக்ல பிறந்தவர். அப்பா கிரேக்கர், அம்மா லெபனான். ஜோகன்னஸ்பர்க்ல முடிதிருத்துற வேலை பார்த்தார். அப்புறம் ஒரு பேண்டோட கிளம்பினவர் கல்கத்தா, சிங்கப்பூர், பெர்லின்னு சுத்தி, 1928ல லண்டன் வந்து சேர்ந்தார்.

அந்தக் காலத்துல மக்கள் வந்தது ஆட; பாட்டு கேக்க இல்ல. பேண்டு முழு ட்யூனையும் வாசிக்கும். நடுவுல பாடகர் எழுந்து ஒரு பகுதி பாடிட்டு உட்காரணும், அவ்வளவுதான். ரெக்கார்டு லேபிள்ல பேண்டு லீடர் பேரு பெருசா இருக்கும். பாடினவர் பேரு பல நேரம் இருக்கவே இருக்காது.

இதை மாத்தினது ஒரு ஹார்டுவேர் அப்கிரேடுன்னுதான் நான் சொல்வேன். 1925 வரைக்கும் ரெக்கார்டிங்னா ஒரு பெரிய புனலுக்குள்ள கத்திப் பாடணும். குரலோட விசையேதான் ஊசியை அசைக்கும். மைக்கும் ஆம்ப்ளிஃபயரும் வந்ததும் அந்தப் பாரம் குரலை விட்டுப் போச்சு. காதுகிட்ட பேசுற மாதிரி பாடினாலும் முழு பேண்டையும் தாண்டிக் கேக்கும். இதைப் புரிஞ்சு பாடினவர் போவ்லி. ரே நோபிள் பேண்டோட அவர் பாடினதை ஹெட்போன்ல கேளுங்க. எங்கயும் குரலைத் தள்ள மாட்டார்.

1934ல நோபிளோட நியூயார்க் போனார். திரும்பி வந்தப்ப லண்டன்ல மவுசு குறைஞ்சிருந்தது. போதாததுக்குத் தொண்டையில பிரச்சினை, ஆபரேஷன். 1940ல ஜிம்மி மெசீனோட சேர்ந்து, ரெண்டு கிட்டார் மட்டும் வெச்சு மேடையேறினார். 1941 ஏப்ரல் 2ல பதிவு பண்ணின கடைசிப் பாட்டு, ஹிட்லரைக் கிண்டல் பண்ற ஒரு டூயட்.

ரெண்டு வாரம் கழிச்சு, ஏப்ரல் 16 ராத்திரி, ஹை விகோம்ப்ங்கிற ஊர்ல கச்சேரி. இங்கயே தங்கிடுங்கன்னு சொன்னாங்க. இவர் கடைசி ரயிலைப் பிடிச்சு லண்டன் வந்துட்டார். விடியறதுக்குள்ள ஜெர்மன் விமானம் பாராசூட்ல இறக்கின குண்டு, டியூக் தெருவுல அவர் ஃபிளாட்டுக்கு வெளியே வெடிச்சது. இந்த ரகக் குண்டு மண்ணுல புதையாம வெடிக்கும். அதிர்வு அப்படியே பக்கவாட்டுல பரவும். படுக்கையறைக் கதவு பேர்ந்து வந்து தலையில அடிச்சது. பார்க்க உடம்புல காயமே இல்லாத மாதிரிதான் இருந்ததாம்.

ஹான்வெல்ல, குண்டுவீச்சுல செத்த மத்தவங்களோட ஒரே குழியில புதைச்சாங்க. சேரிங் கிராஸ் ரோட்டுல அவர் குடியிருந்த கட்டடத்துல அவர் பேரோட நீலப் பலகை வந்தது 2013ல.