கறுப்புப் புனல் சிலிண்டரா? உஷார்!

யூபிஎஸ் ரூம், சர்வர் ரூம், லிஃப்ட் மோட்டார் ரூம் வாசலில் ஒரு சிவப்பு சிலிண்டர் தொங்குமே, வாயில் கறுப்புப் புனலோடு? உள்ளே இருப்பது கரியமில வாயு. மின்கசிவுத் தீக்கு அருமையான மருந்து. ஷாக் அடிக்காது, கம்ப்யூட்டரில் பொடி படியாது. ஆனால் தீயை மூச்சடைக்க வைப்பதுபோல, பிடித்து அடிக்கிற ஆளையும் மூச்சடைக்க வைக்கும். இதை நம்மிடம் யாரும் சொல்வதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 கிலோ கரியமில வாயு வெளியே வந்தால் ஏறக்குறைய 540 லிட்டராக விரியும். 4.5 கிலோ சிலிண்டரை முழுசாக அடித்தால் 2,400 லிட்டர். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்றால் மொத்தக் கொள்ளளவே 28,000 லிட்டர்தான். கதவு சாத்தியிருந்தால் அந்த அறைக் காற்றில் 8 சதவீதம் இந்த வாயுவாகிவிடும். நாம் அன்றாடம் சுவாசிக்கும் காற்றில் இது 0.04 சதவீதம்; 4 சதவீதத்தையே உயிருக்கு ஆபத்து என்கிறார்கள் தொழிற்சாலைப் பாதுகாப்பு நிபுணர்கள். எட்டில் தலை சுற்றும், சில நிமிடங்களில் நினைவே தப்பலாம். நிறமில்லை, வாசனையில்லை. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தேங்கும். பேஸ்மென்ட் என்றால் கேட்கவே வேண்டாம். மயங்கி விழுந்தவரைத் தூக்க ஓடுகிறவரும் அங்கேயே விழுவார்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். 1998 ஜூலையில் அமெரிக்காவின் ஐடஹோ அணு ஆய்வு மையத்தில் மின் பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. தீயே இல்லை. அபாய மணியும் அடிக்கவில்லை. அறையையே நிரப்பும் பெரிய கரியமில வாயு அமைப்பு திடீரெனத் திறந்துகொண்டது. ஒருவர் இறந்துபோனார், பலர் பாதிக்கப்பட்டார்கள். கையில் தூக்குகிற சிலிண்டர் அவ்வளவு பெரிதில்லைதான். ஆனால் நம் யூபிஎஸ் ரூம்களும் அவ்வளவு பெரிதில்லையே!

ஆகவே கதவை விரியத் திறந்து வையுங்கள். மெயினை அணைத்துவிட்டு, வெளியேறும் வழி முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று அடியுங்கள். புனலை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். மைனஸ் 78 டிகிரி குளிர், தோல் வெந்துபோகும். அரை நிமிஷத்துக்குள் காலியாகிவிடும், உடனே வெளியே வந்துவிடுங்கள். சூடு ஆறாவிட்டால் தீ மறுபடி பற்றும் என்பதால் வெளியிலிருந்தே ஒரு கண் வைத்திருங்கள்.

இன்னொரு பயம், அழுத்தம். உர ஆலையிலும் சாராய ஆலையிலும் வீணாய்ப் போகும் வாயுவைப் பிடித்துச் சுத்தம் செய்து, ஈரத்தைப் போக்கி, அழுத்திக் குளிரவைத்துத் திரவமாக்கி அடைக்கிறார்கள். 20 டிகிரியிலேயே உள்ளே 57 பார், அதாவது கார் டயரைப்போல 25 மடங்கு. 31 டிகிரி தாண்டினால் திரவம் என்பதே இருக்காது, அழுத்தம் கிடுகிடுவென ஏறும். நம்மூரில் 31 டிகிரி என்பது காலை டிபன் நேரத்து வெயில்! அதற்காகத்தான் 1 லிட்டர் கொள்ளளவுக்கு சுமார் 2/3 கிலோவுக்கு மேல் நிரப்பக் கூடாது என்று கட்டுப்பாடு. அழுத்தம் அளவு மீறினால் வாயுவைத் திறந்துவிட வால்வில் ஒரு மெல்லிய தகடும் உண்டு. குறைந்த ரேட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்புகிறவர் இதையெல்லாம் பார்ப்பாரா? சிலிண்டர் கழுத்தில் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) தேதி குத்தியிருக்கும். 5 வருஷம் தாண்டியிருந்தால் நிரப்பவே விடாதீர்கள்.

இதில் பிரஷர் மீட்டரும் கிடையாது. பாதி கசிந்து போயிருந்தாலும் மிச்சத் திரவம் அதே அழுத்தத்தைக் காட்டும் என்பதால் மீட்டர் வைத்துப் பிரயோஜனமில்லை. எடை போட்டால்தான் தெரியும். மேலே குறித்திருக்கும் காலி எடையைக் கழித்துப் பாருங்கள், 10 சதவீதம் குறைந்திருந்தால் ரீஃபிலுக்கு அனுப்ப வேண்டியதுதான். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) ஆள் வந்து துணியால் துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவதற்குப் பெயர் சோதனை அல்ல. அடுத்த தடவை அவர் கையில் தராசு இல்லையென்றால் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடாதீர்கள்.