கடற்கரைப் பகுதிகளில் ஊர்திகள் துருப்பிடித்தல்

கடற்கரைப் பகுதிகளில் ஊர்திகள் துருப்பிடித்தல் என்பது, கடற்காற்றில் கலந்துவரும் உப்பு ஊர்திகளின் எஃகுப் பகுதிகளில் படிந்து, காற்றிலுள்ள ஈரத்துடன் சேர்ந்து அவற்றை அரிப்பதைக் குறிக்கும். வெண்பனி பொழியும் நாடுகளில், சாலையில் உறையும் பனியை உருக்கத் தூவப்படும் உப்பினால் ஊர்திகள் துருப்பிடிப்பதும் இதே வேதிவினையால்தான். அங்கு உப்பின் தாக்கம் குளிர்கால மாதங்களில் மட்டுமே இருக்கும். சென்னையின் வடக்கே எர்ணாவூர், எண்ணூர், திருவொற்றியூர் போன்ற கடலோர ஊர்களில் அது ஆண்டு முழுவதும் நீடிக்கிறது.

துரு உண்டாகும் முறை

துருப்பிடித்தல் ஒரு மின்வேதியியல் நிகழ்வாகும். எஃகின் மீது நீர்ப்படலம் படிந்தால் ஓரிடத்தில் இரும்பு எதிர்மின்னிகளை இழந்து கரைகிறது. மற்றோரிடத்தில் நீரில் கரைந்துள்ள ஆக்சிசன் அவற்றை ஏற்றுக்கொள்கிறது. இவ்வினைகளின் விளைவாக நீரேறிய இரும்பு ஆக்சைடு, அதாவது துரு, உண்டாகிறது. தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். உப்பு கரைந்த நீர் நன்கு கடத்துவதால் வினை விரைவடைகிறது. மேலும் குளோரைடு அயனிகள் உலோகத்தின் மீதுள்ள காப்புப் படலத்தைத் துளைக்கின்றன. துரு, தான் உண்டான இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைப்பதால், மேலேயுள்ள வண்ணப்பூச்சை உப்பச் செய்து பெயர்க்கிறது.

உப்பு ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. சோடியம் குளோரைடு ஏறத்தாழ 75 விழுக்காடு சார்பு ஈரப்பதத்தில் தானே நீராகக் கசியத் தொடங்கும். கடலுப்பிலுள்ள மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதுமானது. எனவே உப்புப் படிந்த தகடு, கைக்கு உலர்ந்ததாகத் தோன்றினாலும் உண்மையில் ஈரமாகவே இருக்கக்கூடும்.

வெப்பநிலைக்கும் இதில் பங்குண்டு. கடுங்குளிரில் வினை மெதுவாகவே நடக்கும். குளிர்நாடுகளில் உப்புச் சேறு ஒட்டிய காரைச் சூடேற்றப்பட்ட கொட்டகையில் நிறுத்தினால், திறந்தவெளியில் நிறுத்துவதைவிட விரைவில் துருவேறுவது இதனால்தான். சென்னையின் வெப்பமோ இவ்வினைக்கு எப்போதும் துணைநிற்கிறது.

எர்ணாவூர்ச் சூழல்

எர்ணாவூர், கிழக்கே வங்காள விரிகுடாவுக்கும் மேற்கே பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட தாழ்வான நிலப்பகுதியாகும். கடலரிப்பைத் தடுக்கக் கரையில் கொட்டப்பட்டுள்ள பாறைகளில் அலைகள் மோதிச் சிதறும்போது உப்புத் துளிகள் எண்ணூர் விரைவுச் சாலை வரை தெறிப்பதுண்டு. காற்றிலுள்ள உப்பின் அளவு கரையிலிருந்து உள்ளே செல்லச் செல்ல விரைந்து குறையும். ஆகவே கடலை ஒட்டிய தெருவில் நிற்கும் ஊர்திக்கும், சில கிலோமீட்டர் மேற்கே நிற்கும் ஊர்திக்கும் இடையே வேறுபாடு பெரிது.

உப்புடன் தொழிற்சாலைப் புகையும் சேர்ந்துகொள்கிறது. நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் வெளிப்படும் கந்தக டைஆக்சைடு ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டாலும், மணலி, அத்திப்பட்டு வட்டாரங்களில் ஆலைகள் தொடர்ந்து இயங்குகின்றன. சரக்குப்பெட்டக ஊர்திகள் கிளப்பும் புழுதி ஊர்திகளின் இடுக்குகளில் படிந்து ஈரத்தைப் பிடித்துவைக்கிறது.

1948-இல் அசோக் மோட்டார்சு எனத் தொடங்கி 1955-இல் பெயர்மாறிய அசோக் லேலண்டின் ஆலை எண்ணூரிலும், 1955-இல் தோன்றிய என்பீல்டு இந்தியாவின் ஆலை திருவொற்றியூரிலும் அமைந்தன. லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் பிறந்த கடற்கரையே அவற்றை விரைந்து அரிக்கும் இடமாகவும் இருப்பது ஒரு முரண்.

தமிழ்நாட்டில் அரிமானம் பற்றிய ஆய்வுக்கு, 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் முதன்மையானது. அது மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளை வெளியில் வைத்துச் சோதித்துவருகிறது.

முதலில் துருப்பிடிக்கும் இடங்கள்

மழை படும் மேற்பகுதிகளில் உப்பு அவ்வப்போது கழுவப்பட்டுவிடும். மழை படாத அடிப்பகுதியிலும் உட்குழிவுகளிலும் அது சேர்ந்துகொண்டே போகும். கதவுகளின் அடிவிளிம்பு, மட்கார்டின் உட்புறம், கால்மிதிக்குக் கீழுள்ள தரைத்தகடு, மின்கலம் வைக்கும் தட்டு, பிரேக் குழாய்கள், பட்டைவில்லின் இடுக்குகள் ஆகியன முதலில் கெடும். பக்கங்கள் திறந்த கொட்டகையில் நிறுத்தப்படும் ஊர்தி வெயிலிலிருந்து தப்பினாலும், மழை கழுவாததால் உப்பைச் சேமித்துக்கொள்கிறது. காற்றுப் புகாத நெகிழி உறையால் மூடுவதும் நல்லதன்று. உள்ளே வியர்க்கும் ஈரம் வெளியேற வழியிராது.

புதிய கார்களில் துத்தநாகப் பூச்சுள்ள தகடுகளும், மின்முறையில் படியவைக்கப்படும் அடிப்பூச்சும் பரவலாக உள்ளன. அம்பாசிடர், பத்மினி போன்ற பழைய கார்களின் தகடுகளுக்கு இத்தகைய காப்பு பெரிதும் இல்லை.

பாதுகாப்பு முறைகள்

முதன்மையான பாதுகாப்பு, அடிப்பகுதியை நல்ல நீரால் கழுவுவதே. மேற்பூச்சை மெருகேற்றச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை இதற்குச் செலவிட்டாலே பயன் மிகுதி. கதவுகளின் அடியிலுள்ள வடிதுளைகள் அடைபட்டிருந்தால் ஊக்கால் குத்தித் திறக்கவேண்டும். அடைத்த துளையுடன் கழுவினால் கதவு நீர்த்தொட்டியாகிவிடும்.

இங்கேதான் வடசென்னைக்கே உரிய சிக்கல் எழுகிறது. மீஞ்சூர் முதலிய வடக்குக் கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்துள்ளது. உவர்ப்பான ஆழ்துளைக் கிணற்று நீரால் 'வாட்டர் சர்வீசு' செய்தால், உப்பைக் கழுவுவதற்குப் பதில் புதிய உப்பைப் பூசுவதாகவே முடியும். நல்ல நீரோ குடங்களில் பிடித்துவைக்கும் பொருள். உவர்நீரால் சேற்றை நீக்கிவிட்டு, கடைசியாக ஒரு வாளி நல்ல நீரை மெல்லத் தெளித்து அலசுவது நடைமுறைக்கு உகந்த வழியாகும். மழைநீரைப் பிடித்துவைத்திருந்தால் இன்னும் சிறப்பு.

துருவேறிய இடத்தின் மீது நேரடியாகப் பட்டி வைத்து வண்ணம் அடிப்பது பட்டறைகளில் காணப்படும் பெருந்தவறு. துருவுக்குள் குளோரைடு தங்கியிருப்பதால் சில மாதங்களில் பூச்சு மீண்டும் கொப்பளிக்கும். கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் பளபளப்பான உலோகம் தெரியும்வரை தேய்த்து, நல்ல நீரால் பலமுறை அலசி, முற்றிலும் உலர்த்திய பிறகே அடிப்பூச்சு இடவேண்டும். எளிதில் கிடைக்கும் ரெட் ஆக்சைடு மட்டும் போதாது, அதன் வழியே ஈரம் ஊடுருவும். துத்தநாகம் மிகுந்த அடிப்பூச்சே கடலோரத்திற்கு ஏற்றது. தேய்க்க முடியாத இடுக்குகளில் டானிக் அமிலம் கொண்ட துருமாற்றிகள் ஓரளவு உதவும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பு மையாகும் அதே வினையில், இவை துருவைக் கறுப்பான சேர்மமாக மாற்றுகின்றன.

குழிவுகளுக்குள் மெழுகு கலந்த எண்ணெய் பீச்சுவது கனடா போன்ற நாடுகளில் ஆண்டுதோறும் செய்யப்படுகிறது. இதற்கு மாற்றாக எஞ்சினிலிருந்து வடித்த கழிவெண்ணெயை அடியில் பூசும் வழக்கம் உண்டு. அதில் அமிலங்கள் உள்ளன. அது ரப்பர் உறுப்புகளை உப்பச் செய்து கெடுக்கும். பிரேக்கில் பட்டால் பேராபத்து. சொட்டும் எண்ணெய் மண்ணையும் நீரையும் மாசுபடுத்தும். தடித்த தார்ப்பூச்சும் பழைய துருவின் மீது இடப்பட்டால் ஈரத்தை உள்ளே அடைத்து அரிப்பை மறைத்துவிடும்.

2023 திசம்பரில் மிச்சாங் புயலை ஒட்டிய வெள்ளத்தின்போது எண்ணெய் கலந்த நீர் எர்ணாவூர்ப் பகுதிக் குடியிருப்புகளிலும் புகுந்தது. இத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய ஊர்தியின் மீது படியும் எண்ணெய்ப்படலம் காப்பாக அமையாது. அது சேற்றை ஒட்டவைப்பதால், சோப்புநீரால் எண்ணெயை நீக்கி, இருக்கைகளையும் தரைவிரிப்பையும் வெளியே எடுத்து உலர்த்தவேண்டும்.

பதிவுப் புதுப்பிப்பு

இந்தியாவில் தனியார் கார்களின், இருசக்கர ஊர்திகளின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனைக்குப் பிறகே 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படும். சுமையூர்திகளுக்கும் வாடகை ஊர்திகளுக்கும் முதல் 8 ஆண்டுகளில் இரண்டாண்டுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் தகுதிச் சான்று தேவை. ஒரே ஓர் ஆட்டோவையோ சிற்றுந்தையோ நம்பிப் பிழைப்போருக்கு, தரைத்தகட்டில் விழும் ஓட்டை வருமானத்தையே நிறுத்திவிடும். தகட்டில் விழுந்த ஓட்டையை வெட்டியெடுத்துப் புதுத்தகடு பற்றவைக்கலாம். அடிச்சட்டத்தில் சுத்தியலால் தட்டும்போது கணீரென ஒலிக்காமல் மந்தமாக ஒலித்து, செதில் செதிலாக உதிருமானால், பூச்சு வேலையில் இறங்கும் முன் அச்சட்டத்தின் வலிமையைத் தேர்ந்த பற்றவைப்பாளரிடம் காட்டி அறிவது அவசியம்.