ரிலே என்னும் ஏவலாள்

என் பழைய மாணாக்கன் ஒருவன் தன் மோட்டார் சைக்கிளில் துணை விளக்குகள் இரண்டினைத் தானே பொருத்திக்கொண்டான். சேலத்திலிருந்து நாமக்கல் செல்லும் சாலையில், ஆண்டகளூர் கேட் அருகே, ஓரிரவு அவை திடீரென அணைந்தன. கைப்பிடிச் சுவிட்ச் உருகிவிட்டது. தலைவிளக்கு எரிந்தமையால் உயிர் தப்பினான்.

குறை எங்கே? கணக்குப் போட்டுப் பார்ப்போம். 55 வாட் விளக்குகள் இரண்டுக்கு 110 வாட். அதனை 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்குச் சற்று மிகும். அச்சிறு சுவிட்ச் அதனைத் தாங்குமா?

இங்கேதான் ரிலே வேண்டும். சுவிட்ச் அதன் மின்சுருளுக்கு 0.2 ஆம்பியர் அளவே அனுப்புகிறது. சுருள் காந்தமாகி உள்ளிருக்கும் தகட்டை இழுக்க, பாட்டரியிலிருந்து விளக்குக்கு நேரே மின்சாரம் பாய்கிறது. தலைமையாசிரியர் கைகாட்ட, ஏவலாள் மணியடிப்பது போன்றது இது.

எதனை வாங்குவது? 12 வோல்ட், 30 ஆம்பியர், நான்கு முனை ரிலே போதும். இழைவிளக்கு எரியத் தொடங்கும் கணத்தில் மின்னோட்டம் பன்மடங்காகுமாதலின் இம்மிகுதி தேவை. 85, 86 என்னும் முனைகள் சுருளுக்கு, 30 பாட்டரிக்கு, 87 விளக்குக்கு. பாட்டரியை ஒட்டி 15 ஆம்பியர் பியூஸ் இருத்தல் வேண்டும். மழைநீர் புகாத உறையும் நன்று.

ஒன்று மறவற்க. ரிலே மின்சாரத்தைப் பங்கிடுமேயன்றிப் படைக்காது. வண்டியின் மின்னாக்கி 110 வாட்டைத் தாங்காதெனில், குறைந்த வாட் எல்.இ.டி. விளக்கே தக்கது. எதிரே வண்டி வருங்கால் துணை விளக்கை அணைத்தல் நம் கடமை. அவர் கண் கூசினால் இருவர்க்கும் கேடு.