முரசைச் சுற்றி ஒரு வளாகம்

பாட்டியும் பேத்தியும் ஒரே களத்தில் இறங்கி ஆடுகிற கல்லூரி விழாவைப் பார்த்திருக்கிறீர்களா?

அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அப்படி ஒன்று நடக்கிறது. பெயர் பவ்வாவ். அங்கே படித்த பூர்வகுடி மாணவர்கள் 1971-ல் தொடங்கியது. இன்றும் முன்னின்று நடத்துவது மாணவர்கள்தான். மே மாதம், அன்னையர் தினத்தை ஒட்டி, வளாகத்து யூகலிப்டஸ் தோப்பில் கூடுவார்கள்.

முதலில் கழுகு இறகுகள் கட்டிய கோல் உள்ளே வரும். கூட்டம் மொத்தமும் எழுந்து நிற்கும். அப்புறம் முரசு! ஒரே பெரிய முரசைச் சுற்றிப் பலர் உட்கார்ந்து, ஆளுக்கொரு கோலால் அடித்துக்கொண்டே பாடுவார்கள். பெண்கள் சிலருடைய ஆடையில் வரிசை வரிசையாகச் சின்னத் தகரக் கூம்புகள் தொங்கும். அடியெடுத்து வைத்தால் போதும், சடசடவென்று மழை பெய்கிற சத்தம் கேட்கும். கேட்க அவ்வளவு அழகு!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்த விழா தொடங்கிய காலத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிகளுக்குப் பூர்வகுடி மனிதரின் கேலி உருவம்தான் சின்னம். இது எங்களை அவமதிக்கிறது என்று பூர்வகுடி மாணவர்கள் மனு கொடுத்தார்கள். 1972-ல் பல்கலைக்கழகம் அந்தச் சின்னத்தைக் கைவிட்டது.