பசி குறைக்கும் மருந்தும் எமது சாப்பாட்டுத் தட்டும்

தோட்ட வேலை செய்கின்ற உடம்புக்கு மூன்று நேரமும் சோறு வேண்டும். துலா மிதித்தவர்களுக்கும் வெங்காயத் தறையில் மண்வெட்டி பிடித்தவர்களுக்கும் உண்டது அன்றன்றே செலவாகியது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதிலிருந்தும், பின்னர் வன்னியிலிருந்தும் இடம்பெயர்ந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ் அறைகளிலும் மாடி வீடுகளிலும் தங்கிய குடும்பங்களுக்கு வேலை நின்றது. சோற்றின் அளவு நிற்கவில்லை. உடம்பு பருத்தது, சலரோகமும் வந்தது. இன்று சில வீடுகளில் பசியைக் குறைக்கும் ஊசிமருந்தும் வந்திருக்கின்றது. அதைப் போட வேண்டுமா இல்லையா என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். போடுபவர் எதைச் சாப்பிட வேண்டும் என்பதைப் பற்றியே இங்கு எழுதுகின்றோம்.

கிளினிக்கில் நெடுங்காலமாகக் கொடுக்கப்படும் மெற்போமின் குளிசையும் சிலருக்குப் பசியைச் சற்றுக் குறைப்பதுண்டு. ஆனால் செமாகுளூற்றைட் என்னும் ஊசி வேறு வகையானது. அமெரிக்காவில் 2017இல் சலரோகத்துக்கும் 2021இல் உடற்பருமனுக்கும் அனுமதிக்கப்பட்ட இது, கிழமைக்கு ஒருமுறை தோலின் கீழ் ஏற்றப்படுவது. சாப்பிட்டதும் எமது குடலில் சுரக்கும் ஓர் ஓமோனைப் போன்றே இது வேலை செய்கின்றது. வயிறு மெதுவாகவே காலியாகும். போதும் என்ற செய்தி மூளைக்கு முந்திப் போய்விடும். 2021இல் வெளியான ஆய்வொன்றில் இதைப் போட்டவர்களின் எடை 68 கிழமைகளில் சராசரியாக 15 வீதமளவு குறைந்தது.

இவ்வாறு குறைவது முழுவதும் கொழுப்பல்ல. ஒரு பங்கு தசை. முதியவருக்கு இது பெரிய விடயம். தசை போனால் மாடிப்படி ஏற முடியாது, விழுந்தால் எழும்ப முடியாது. விடுவிக்கப்பட்ட காணிக்குத் திரும்பிப் போய்ப் பற்றை வெட்ட நினைத்திருப்பவருக்கும் கையில் வலு வேண்டுமல்லவா?

எமது வழக்கப்படி தட்டில் முதலில் சோற்றைக் குவித்து, கறியை ஓரத்தில் வைக்கின்றோம். ஊசி போட்டவருக்குப் பாதித் தட்டோடு வயிறு நிறைந்துவிடும். அந்தப் பாதியும் சோறும் சொதியுமாகவே போனால் உடம்புக்குப் புரதம் கிடைக்காது. ஆகவே ஒழுங்கை மாற்றிக்கொள்ள வேண்டும். மீன், முட்டை, பருப்பு முதலில். கீரையும் மரக்கறியும் அடுத்து. சோறோ புட்டோ கடைசியில், இடம் இருந்தால் மட்டும். விருந்தாளி வீட்டில் இப்படிச் சாப்பிட்டால் முகம் சுளிப்பார்கள்தான். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 60 கிராம் புரதம் தேவை. முட்டை ஒன்றில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20, அவித்த பயறு ஒரு கோப்பையில் 14, ஒரு தம்ளர் பாலில் 6 அல்லது 7, ஒரு கைப்பிடி பருப்பில் 7 கிராமளவு உண்டு. மீன் விலைக்குக் கட்டுப்படாத நாளில் நெத்தலிக் கருவாடும் சோயாமீற்றும் கைகொடுக்கும். கருவாட்டை நன்றாக ஊறவைத்து உப்பைக் கழுவிப் போக்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மாத்திரம் வைத்தியரைக் கேளாமல் புரதத்தைக் கூட்டக்கூடாது. வவுனியாப் பக்கத்து விவசாயிகளிடையே அந்நோய் காணப்படுவதால் இதை அழுத்திச் சொல்கின்றோம்.

கூழை மறந்துவிடாதீர்கள். ஒடியல் மாவுடன் மீன், இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் சேரும் ஒரு சிரட்டைக் கூழ், பசியில்லாதவருக்கு ஒரு நேரச் சாப்பாட்டுக்குச் சமம். உறைப்பையும் புளியையும் குறைத்தால் வயிறு ஏற்றுக்கொள்ளும். வடை, றோல்ஸ் போன்ற எண்ணெய்ப் பண்டங்கள் வயிற்றில் நெடுநேரம் கிடந்து குமட்டலை உண்டாக்கும். மூன்று நேரத்தை ஐந்தாகப் பிரித்து, மெல்ல மென்று, நிறைந்தது போலத் தோன்றியதும் நிறுத்துங்கள். தண்ணீரைச் சாப்பாட்டோடு அல்லாமல் இடையிடையே குடியுங்கள். பசியோடு தாகமும் மறந்துபோகக்கூடும். மலச்சிக்கலுக்குக் கீரை, வெண்டிக்காய், பப்பாசி நல்லவை.

சாப்பாடு மட்டும் தசையைக் காக்காது. அதற்கு வேலையும் கொடுக்க வேண்டும். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு மாலையில் நடக்க மரைன் டிரைவ் உண்டு. கொட்டாஞ்சேனையின் நெருக்கமான ஒழுங்கைகளில் அது கடினம். அங்குள்ளவர்கள் கதிரையில் இருந்து கையூன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருக்கலாம்.

இன்சுலினோ கிளிக்கிளசைட் குளிசையோ கூடவே எடுப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். சாப்பாடு குறைந்தும் அந்த மருந்தின் அளவு குறையாவிட்டால் இரத்தத்தில் சீனி மிகவும் இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், தலைச்சுற்று வந்தால் உடனே சீனித் தண்ணீர் குடித்து, பின்னர் வைத்தியரிடம் சொல்லுங்கள். தவக்கால ஒருசந்தியோ கந்தசஷ்டி விரதமோ இவர்களுக்கு வேண்டாம். திருச்சபையும் நோயாளருக்கு அந்தக் கடமையை விதிக்கவில்லை. மேல்வயிற்றில் கடும் நோவு வந்து முதுகுக்குப் பரவினாலும், வாந்தி நிற்காவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் பெண்கள் இரண்டு மாதங்களுக்கு முன்னரே ஊசியை நிறுத்த வேண்டும்.

கனடாவிலும் இலண்டனிலும் உள்ள பிள்ளைகள் இதைக் கையில் கொடுத்தனுப்ப நினைக்கலாம். திறக்காத ஊசியை 2 முதல் 8 பாகைக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். உறைந்தால் எறிந்துவிட வேண்டியதுதான். தெரியாதவர் விற்பதை வாங்க வேண்டாம். போலி செமாகுளூற்றைட் குறித்து 2024 யூனில் உலக சுகாதார நிறுவனமே எச்சரித்தது. மெலிய வைக்கும் மூலிகை என்று விற்கப்பட்ட சில தூள்களில், இதயத்துக்கு ஆபத்தென 2010இல் பல நாடுகளில் விலக்கப்பட்ட சிபுற்றமின் கலந்திருந்ததும் கண்டுபிடிக்கப்பட்டுள்ளது.

ஊசியை நிறுத்தினால் பசி திரும்பும். நிறுத்தியவர்களுக்கு இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டில் திரும்பியதை 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே மாதாமாதம் இதற்குப் பணம் வருமா என்பதைத் தொடங்குவதற்கு முன்னரே வீட்டில் கூடிப் பேசுங்கள். வைத்தியரிடம் போகும்போது வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள்.