வேடந்தாங்கல்: ஏரி நிரம்பினால் பருவம்

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள வேடந்தாங்கல் சரணாலயம் சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள ஓர் ஊர் ஏரிதான். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியபின், தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு, கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டத் தொடங்கும். சுற்றிலும் நீர் நிற்பதால் நாயும் நரியும் கூட்டை நெருங்குவது கடினம். மழை பொய்த்தால் அந்தக் காவலும் இல்லை. பறவைகள் வேறு நீர்நிலை தேடிப் போய்விடும்.

இங்குள்ளவை எல்லாம் வெளிநாட்டுப் பறவைகள் என்பது பரவலான தவறான எண்ணம். கூடு கட்டும் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, வக்கா ஆகியவை இந்தியாவிலேயே வாழ்பவை. நீர் இருக்கும் இடம் பார்த்து நகர்பவை. வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு ஒதுங்கி வரும் நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவை இங்கே கூடு கட்டுவதில்லை.

அடையாளம் காண நிறத்தைவிட அலகே நல்ல வழி. கரண்டிவாயன் தட்டையான அலகைச் சற்றே திறந்து, ஆழமில்லாத நீரில் இருபுறமும் வீசித் துழாவும். பாம்புத்தாரா கூரிய அலகால் மீனைக் குத்திப் பிடிக்கும். நத்தைகுத்தி நாரைக்கோ மூடிய அலகின் நடுவிலும் இடைவெளி தெரியும். அது நத்தை ஓட்டை உடைத்து நொறுக்குவதில்லை. அலகு நுனியை உள்ளே செலுத்திச் சதையை வெட்டி எடுக்கிறது. குஞ்சுகளின் அலகில் இந்த இடைவெளி இருக்காது. வளர வளரத்தான் உண்டாகும்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பார்க்க ஏற்ற காலம். ஏரி கூடு கட்டும் இடமே தவிர, முழு இரையும் அங்கே கிடைக்காது. பகலில் பறவைகள் சுற்றுவட்டார வயல்களுக்கும் ஏரிகளுக்கும் போய்விடும். ஆகவே நண்பகலில் வந்து ஏமாறுவதைவிட, அவை திரும்பும் மாலையில் கரையில் நிற்பது மேல். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும்; அதற்கு மேற்பட்டவற்றைக் கை நடுங்காமல் பிடிப்பது சிரமம்.

கூட்டைக் காத்தவர்கள் முதலில் ஊர் மக்களே. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை அவர்கள் எதிர்த்தனர். 1798இல் கலெக்டர் லயோனல் பிளேஸ் அவர்களுக்குப் பாதுகாப்பு உரிமை எழுதிக் கொடுத்தார். 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏரி சேர்ந்தது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகும் என்பதும் ஊர் மக்களின் அக்கறைக்கு ஒரு காரணம்.