மஞ்சள் பெட்டியும் மூன்று மணி நேரப் பாடமும்

2023 மே 6ஆம் தேதி மன்னர் சார்லஸுக்கு முடிசூட்டியவர் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி. அடுத்த வாரமே அவர் பெயர் வேறொரு காரணத்துக்காகப் பத்திரிகைகளில் அடிபட்டது. லண்டனில் மணிக்கு 20 மைல் வரம்புள்ள சாலையில் 25 மைல் வேகத்தில் கார் ஓட்டியதற்காக, செலவுத்தொகையெல்லாம் சேர்த்து 510 பவுண்டு கட்டச் சொல்லியிருந்தது நீதிமன்றம். லைசென்ஸில் மூன்று தண்டனைப் பாயின்ட் வேறு.

மே மாதம் முடிவதற்குள் அடுத்த சேதி வந்தது. இம்முறை உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன். மொரீஷியஸ் தமிழ் வம்சாவளித் தாயின் மகளான இவர், முந்தைய ஆண்டு வேக வரம்பை மீறிப் பிடிபட்டிருந்தார். அபராதத்துக்குப் பதிலாக வேக விழிப்புணர்வு வகுப்புக்குப் போகலாம் என்ற சலுகை அவருக்குக் கிடைத்தது. மற்றவர்களோடு சேர்ந்து உட்காராமல் தனியாக வகுப்பு எடுத்துக்கொள்ள வழியுண்டா என்று அரசு அதிகாரிகளிடம் விசாரித்தார் என்பதுதான் புகார். கடைசியில் வகுப்பே வேண்டாமென்று அபராதத்தையும் பாயின்ட்டையும் ஏற்றுக்கொண்டார். நடத்தை விதிகளை அவர் மீறவில்லை என்று சொல்லிப் பிரதமர் ரிஷி சுனக் விவகாரத்தை முடித்துவைத்தார்.

பேராயரையும் அமைச்சரையும் விடாத வேகக் கேமரா நியாயமான கேமராவாகத்தானே இருக்கவேண்டும்? பிரிட்டனில் கார் ஓட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். "காசு பறிக்கும் பெட்டி" என்பார்கள். முப்பதாண்டுகளாக ஓயாத சண்டை இது. கேமராவுக்குப் பழைய டயரை மாட்டிக் கொளுத்தியவர்களும் உண்டு.

நடைமுறை இப்படி. கேமரா பிடித்த 14 நாட்களுக்குள் வண்டியின் பதிவுபெற்ற உரிமையாளருக்குக் கடிதம் போகவேண்டும். வண்டியை ஓட்டியது யார் என்பதை அவர் 28 நாட்களுக்குள் எழுதித் தரவேண்டும். தராவிட்டால் அதற்கே தனியாக ஆறு பாயின்ட். வரம்பை ஓரிரு மைல் தாண்டினால் யாரும் கண்டுகொள்வதில்லை. வரம்போடு பத்து சதவீதமும் இரண்டு மைலும் கூட்டிய பிறகுதான் நடவடிக்கை என்பது காவல்துறைத் தலைவர்களின் வழிகாட்டுதல். 30 மைல் (48 கி.மீ.) சாலையில் 35 முதல் 42 வரை போனவருக்கு வகுப்பு. அதற்கு மேல் 100 பவுண்டு அபராதமும் மூன்று பாயின்ட்டும். 50ஐத் தொட்டால் நீதிமன்றம். வகுப்புச் சலுகை மூன்றாண்டுக்கு ஒருமுறைதான்.

அபராதத்தைவிட மக்கள் அஞ்சுவது பாயின்ட்டுக்கு. மூன்றாண்டுக்குள் 12 பாயின்ட் சேர்ந்தால் குறைந்தது ஆறு மாதம் வண்டியைத் தொட முடியாது. லைசென்ஸ் வாங்கி இரண்டாண்டு ஆகாதவருக்கு ஆறு பாயின்ட்டிலேயே லைசென்ஸ் ரத்து. இன்ஷூரன்ஸ் பிரீமியமும் ஏறும். இந்தப் பயம் ஒரு மனிதரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு கிறிஸ் ஹ்யூன் சாட்சி. 2003இல் எம்11 நெடுஞ்சாலையில் கேமராவில் சிக்கியவர், ஓட்டியது தன் மனைவி விக்கி பிரைஸ் என்று எழுதிக் கொடுத்தார். மனைவியும் ஒப்புக்கொண்டார். பிறகு மணவாழ்க்கை உடைந்தது, உண்மை வெளியே வந்தது. அதற்குள் ஹ்யூன் எரிசக்தித் துறை அமைச்சராகியிருந்தார். பதவி போயிற்று. 2013 மார்ச்சில் இருவருக்கும் தலா எட்டு மாதச் சிறை. சில மாத லைசென்ஸ் தடையோடு போயிருக்கவேண்டியது.

இந்தப் பெட்டியின் பூர்வீகம் ஒரு வேடிக்கை. 'கேட்ஸோ' கேமராவை உருவாக்கிய டச்சுக்காரர் மோரிஸ் கேட்ஸோனிடஸ் ஒரு கார் பந்தய வீரர். 1953இல் மான்டி கார்லோ ராலியை வென்றவர். வளைவுகளில் இன்னும் வேகமாகத் திரும்புவது எப்படி என்று தன் ஓட்டத்தைத் தானே அளந்து பார்க்கச் செய்த கருவிதான் பிற்பாடு காவல்துறையின் கைக்குப் போனது. கேமரா தரும் ஆதாரத்தை நீதிமன்றம் ஏற்க 1991ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் வழிசெய்தது. அடுத்த ஆண்டே மேற்கு லண்டனில் கேட்ஸோ வந்து நின்றது.

ஐந்து பத்து மைல் கூடப் போனால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்பவர்களுக்கு அந்நாட்டுச் சாலை விதிப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. 30 மைலில் போகும் கார், ஆபத்தைக் கண்டு பிரேக் மிதித்து நிற்க 23 மீட்டர் வேண்டும். 40 மைலில் 36 மீட்டர். இதை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடலாம். இரண்டு கார்களுக்கு முன்னாலும் ஒரே தூரத்தில் ஒரு குழந்தை குறுக்கே ஓடுகிறது. முதல் கார் குழந்தைக்கு ஓர் அடி முன்னால் நின்றுவிடுகிறது. அதே இடத்துக்கு வரும்போது இரண்டாவது கார் இன்னும் ஏறக்குறைய 29 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். மிச்சம் பிடித்த நேரமோ அற்பம். பத்து மைல் தூரத்தை 30க்குப் பதில் 35இல் போனால் மூன்று நிமிடம்கூட மிஞ்சாது.

ஆகவே வேகம் கொல்லும் என்பதில் தகராறில்லை. கேமரா அதைக் குறைக்கிறதா என்பதில்தான் கணக்கு சிக்கலாகிறது. 2005இல் அரசுக்காக நடந்த நான்காண்டு மதிப்பீடு, கேமரா வைத்த இடங்களில் மரணமும் படுகாயமும் 42 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. அமைச்சர்கள் மகிழ்ந்தார்கள், புள்ளியியலாளர்கள் முகம் சுளித்தார்கள். காரணம் எளிது. ஒரு சாலையில் ஓரிரு ஆண்டுகள் அடுத்தடுத்து மோசமான விபத்துகள் நடந்த பிறகுதான் அங்கே கேமரா வைத்தார்கள். எதுவுமே செய்யாமல் விட்டிருந்தாலும் அடுத்த சில ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை வழக்கமான அளவுக்கு இறங்கியிருக்கும். அந்த இறக்கத்தையும் கேமராவின் வரவிலேயே எழுதிவிட்டால் கணக்கு உப்பிப்போகும். மரணமோ படுகாயமோ நிகழ்ந்தால்தான் கேமரா வரும் என்ற அந்த விதியே கொடுமை என்பது வேறு விஷயம்.

பிற்பாடு வந்த ஆய்வுகள் கவனமாக இருந்தன. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரிப் பேராசிரியர் ரிச்சர்ட் ஆல்சப், போக்குவரத்து ஆய்வு அமைப்பான ஆர்.ஏ.சி. ஃபவுண்டேஷனுக்காக ஒன்பது பகுதிகளிலுள்ள 551 கேமராக்களை ஆராய்ந்து 2013இல் அறிக்கை தந்தார். மரணமும் படுகாயமும் விளைவித்த மோதல்கள் சராசரியாக 22 சதவீதம் குறைந்திருந்தன. 21 இடங்களில் மோதல்கள் கூடியிருந்ததையும் அவர் மறைக்கவில்லை. அங்கே கேமரா சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள் என்றார். ஒரு ஆய்வாளர் இப்படி எழுதினால்தான் அவர் சொல்லும் மற்ற எண்களையும் நம்பத் தோன்றுகிறது.

2017இல் லண்டன் பொருளாதாரக் கல்லூரியிலிருந்து வந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. கேமராவைச் சுற்றி 500 மீட்டருக்குள் நல்ல பலன் இருக்கிறது. தள்ளிப்போகப் போகப் பலன் தேய்கிறது. ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் விபத்துகள் கூடக்கூடச் செய்கின்றன. மஞ்சள் பெட்டியைக் கண்டதும் பிரேக், தாண்டியதும் ஆக்ஸிலரேட்டர். கங்காரு விளைவு என்று இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். அந்த நிறமும் ஓட்டுநர்களின் கூச்சலால் வந்ததுதான். ஒளிந்திருந்து பிடிக்கிறீர்கள் என்ற புகார் தாங்காமல், இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் எல்லாவற்றுக்கும் பளிச்சென்று மஞ்சள் பூசினார்கள். தூரத்திலேயே தெரிகிறது, பலகையும் எச்சரிக்கிறது, பத்து சதவீதச் சலுகையும் இருக்கிறது. இதற்குப் பிறகும் மாட்டுகிறவர் அநியாயம் என்று கத்துவதில் எனக்கு அனுதாபம் குறைவு.

ஆனால் பணம் பற்றிய புகாரை அப்படி ஒதுக்கிவிட முடியாது. 2000 முதல் 2007 வரை, கேமராக்களை நடத்தும் உள்ளூர் அமைப்புகள் அபராத வசூலிலிருந்தே தங்கள் செலவை எடுத்துக்கொள்ள அனுமதி இருந்தது. சந்தேகம் முளைத்தது அங்கேதான். 2007இல் அந்த ஏற்பாடு நின்றது. இன்று 100 பவுண்டு அபராதம் நேராக அரசுக் கருவூலத்துக்குப் போகிறது, உள்ளூர்க் காவல்துறைக்கு அதில் ஒரு பென்னியும் இல்லை. வகுப்புக் கட்டணம் அப்படியல்ல. பெரும்பாலும் நூறு பவுண்டுக்குள் அடங்கும் அந்தத் தொகையில் ஒரு பகுதி, செலவு ஈட்டுத்தொகை என்ற பெயரில் காவல்துறைக்குத் திரும்புகிறது. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வகுப்புகளுக்குப் போகும் நாட்டில் இது சில்லறைக் காசு அல்ல. லாபத்துக்காகவே பிடிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பிடிப்பவருக்குப் பிடிபட்டவரின் பணத்தில் பங்கு இருக்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன்.

வகுப்பு எப்படி இருக்கும்? மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. கோவிட் காலத்தில் ஆன்லைனுக்கு மாறியது, இன்றும் பெரும்பாலும் அப்படித்தான். பரீட்சை கிடையாது. கேமராவை அணைக்காமல், கேட்டால் பதில் சொல்லி, கடைசிவரை உட்கார்ந்திருந்தால் போதும். சிலருக்கு அது வெறும் கொட்டாவி. ஆனால் பல்லாண்டு கார் ஓட்டியவர்களுக்கே தெரியாத அடிப்படை விதிகள் அங்கே தெரியவருகின்றன. இங்கிலாந்தில் வரிசையாகத் தெருவிளக்கு இருந்து, வேகப் பலகை ஒன்றும் இல்லையென்றால் வரம்பு 30 மைல். இதைப் பலர் முதன்முதலாகக் கேட்பது இந்த வகுப்பில்தான்.

பலன்? இப்சாஸ் மோரி நிறுவனமும் லீட்ஸ் பல்கலைக்கழகமும் அரசுக்காக 22 லட்சம் ஓட்டுநர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு: அபராதமும் பாயின்ட்டும் பெற்றவர்களைவிட, வகுப்புக்குப் போனவர்கள் மறுபடி பிடிபடுவது குறைவு. முதல் ஆறு மாதத்தில் இந்த வித்தியாசம் 12 முதல் 23 சதவீதம் வரை. விபத்துகள் குறைந்தனவா? உறுதியாகச் சொல்லும்படி எதுவும் தெரியவில்லை. மோதல் என்பது ஒருவர் வாழ்வில் அரிதாக நடப்பது, இத்தனை பெரிய ஆய்வில்கூட அது எண்ணாகத் தெளியாது. வகுப்பு உயிரைக் காக்கிறது என்று விளம்பரம் செய்ய இது போதாது. வகுப்பை மூடவும் போதாது. அபராதம் கட்டியவர் எரிச்சலோடு போகிறார், வகுப்பு முடித்தவர் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போகிறார் என்றால் இரண்டாவதே மேல்.

சட்ட நியாயத்தை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே ஆராய்ந்துவிட்டது. 'ஓட்டியது நான்தான் என்று என்னையே எழுதவைப்பது, எனக்கு எதிராக நானே சாட்சி சொல்வதாகாதா?' என்று ஓ'ஹாலரன், ஃபிரான்சிஸ் என்ற இருவர் வழக்குப் போட்டார்கள். ஓ'ஹாலரன் சிக்கியதும் அதே எம்11 சாலையில்தான். 40 மைல் தற்காலிக வரம்பில் 69. கார் வைத்திருப்பவர் அதற்குரிய பொறுப்பையும் சேர்த்தே ஏற்கிறார் என்று 2007 ஜூனில் 17 நீதிபதிகளில் 15 பேர் தீர்ப்பளித்தார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

உண்மையான அநியாயம் வேறிடத்தில் இருக்கிறது. 100 பவுண்டு, துப்புரவுத் தொழிலாளிக்கும் வங்கி அதிகாரிக்கும் ஒன்றல்ல. நீதிமன்றத்துக்குப் போனால் வருமானத்தைப் பார்த்து அபராதம் போடுகிறார்கள். ஆனால் சாதாரணச் சாலையில் 1,000 பவுண்டு, மோட்டார்வேயில் 2,500 பவுண்டு என்று உச்சவரம்பு கட்டிவைத்திருக்கிறார்கள். பின்லாந்தில் அப்படியில்லை. 2023இல் அங்கே ஒரு கோடீஸ்வரர் 50 கி.மீ. சாலையில் 82இல் போனதற்கு 1,21,000 யூரோ கட்டினார். பிரிட்டனில் 12 பாயின்ட்டைத் தாண்டிய பிறகும், லைசென்ஸ் போனால் பிழைப்பே போய்விடும் என்று நீதிமன்றத்தில் வாதாடி ஆயிரக்கணக்கானோர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நல்ல வக்கீல் வைக்க முடிந்தவருக்கு அந்த வாதம் இன்னும் நன்றாக எடுபடும்.

என் தீர்ப்பு இது. ஒற்றைப் புள்ளியில் பிடிக்கும் மஞ்சள் பெட்டியின் காலம் முடிந்துவிட்டது. இரண்டு இடங்களில் நம்பர் பிளேட்டைப் படித்து, இடையில் எடுத்த நேரத்தைக் கொண்டு வேகத்தைக் கணிக்கும் சராசரி வேகக் கேமராக்கள் வந்து வெகுகாலமாகிறது. இவற்றை வைத்த சாலைகளில் மரணமும் படுகாயமும் விளைவிக்கும் மோதல்கள் 36 சதவீதம் குறைந்ததாக 2016இல் ஆர்.ஏ.சி. ஃபவுண்டேஷன் கண்டது. ஸ்காட்லாந்தின் ஏ9 நெடுஞ்சாலையில் 2014 முதல் இவை இயங்குகின்றன. கங்காரு இங்கே குதிக்க முடியாது. ஒரு நொடி கவனம் பிசகியவரை விட்டு, வழிநெடுக விரட்டிக்கொண்டு போனவரைப் பிடிப்பதால் நியாயமும் கூடுதல். அதை எல்லா ஆபத்தான சாலைகளுக்கும் கொண்டுவாருங்கள். வகுப்பை வைத்துக்கொள்ளுங்கள், அதில் காவல்துறையின் பங்கை நிறுத்துங்கள். அபராதத்தின் உச்சவரம்பை எடுத்துவிடுங்கள்.

பிள்ளைகளைப் பார்க்க லண்டன் போகும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்திய லைசென்ஸை வைத்து அங்கே ஓராண்டுவரை கார் ஓட்டலாம். கேமராவில் சிக்கினால் கடிதம் உங்களுக்கு வராது, கார் யார் பெயரில் இருக்கிறதோ அந்த மகனுக்கோ மருமகளுக்கோதான் வரும். ஓட்டியது யாரென்று உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். உங்களுக்குப் பதில் அவர்கள் பாயின்ட்டை ஏற்றுக்கொண்டால், அந்த நாட்டுச் சட்டத்தில் அது சிறைக்குப் போகும் குற்றம்.